தருமபுரி வீடுகளுக்குள் குளியலறை வந்த வழி

தருமபுரி மாவட்டத்தில் குளிப்பதற்கும் மலம் கழிப்பதற்கும் வீட்டுக்குள்ளேயே ஓர் அறை என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு தலைமுறைப் பழக்கம்தான். அதற்கு முன் இவை இரண்டும் தனித்தனி இடங்கள். தனித்தனி வரலாறு உடையவை. குளிக்கும் இடம் ஆறு, கிணறு, கொல்லை என்று படிப்படியாக வீட்டை நெருங்கி வந்தது. கழிப்பிடம் அப்படி வரவில்லை. அது வீட்டைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. பழைய ஓட்டு வீட்டைத் திருத்திக் கட்டுகிறவர்கள், கழிப்பறையை எங்கே வைப்பது, குளியலறையோடு சேர்ப்பதா பிரிப்பதா, கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இன்றும் கொத்தனாரோடு நடத்தும் வாக்குவாதம் இந்த இரண்டு வரலாறுகளின் மிச்சம்.

இரண்டையும் தீர்மானித்தது தண்ணீர். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியைப் பிரித்துக்கொடுத்த இந்த மாவட்டத்தின் மேற்கு எல்லையில் காவிரியும், கிழக்குப் பகுதியில் தென்பெண்ணையும் ஓடுகின்றன. ஆனால் காவிரி ஒகேனக்கல்லில் பாறைப் பள்ளத்துக்குள் தாழ ஓடுகிறது. ஊர்களோ மேட்டில் இருக்கின்றன. ஆறு கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத நிலை. மழையும் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில்தான். மேல்மண் மெல்லியது, சில அடி தோண்டினாலே கருங்கல். ஆகவே ஏரி நிரம்பும் ஆண்டுகள் தவிர மற்ற நாட்களில் ஊரின் நீர் என்பது பாறையை உடைத்து இறக்கிய கிணற்று நீர். குடத்தில் தூக்கி வரும் நீரைக் கொண்டு வாழும் வீட்டில், குளியலுக்கென்று ஓர் அறை கட்டுவதைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

திருநாள் குளியல் ஆற்றில் நடந்தது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் கூடுவதும், அரூர் அருகே தீர்த்தமலையில் பாறையிலிருந்து விழும் இராம தீர்த்தத்தில் தலை நனைப்பதும் இன்றுவரை தொடர்கின்றன. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பாறைமேல் படுக்கவைத்து உடல் முழுக்க எண்ணெய் அறைந்து, பிறகு அருவிக்கு அனுப்புவது அங்கே தனியொரு பிழைப்பு. அன்றாடக் குளியல் வேறு. ஆண்கள் தோட்டத்துக் கிணற்றடியில் குளித்தார்கள். மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது தண்ணீர் வந்து விழும் தொட்டியே குளியல் தொட்டி. கவலை போய் மின்மோட்டார் வந்த பிறகு பம்ப்செட் தொட்டி அந்த இடத்தைப் பிடித்தது. இறைத்த நீர் வயலுக்குத்தான் போகிறது என்பதால் அதில் வீண் என்ற பேச்சே எழவில்லை. பெண்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் விடியுமுன் கிணற்றடிக்குப் போய் வந்தார்கள், அல்லது வீட்டுக்குப் பின்னால் மறைவு தேடினார்கள். வீட்டோரக் குளியலிடம் உருவானதற்கு முதல் காரணம் பெண்களின் மறைவுத் தேவை. இரண்டாவது காரணம் வெந்நீர்.

வீட்டின் பின்புறம், சமையல்கட்டுச் சுவரை ஒட்டி, நான்கடிக்கு நான்கடி இடம்; கீழே ஒரு பலகைக்கல்; மூன்று பக்கம் தென்னங்கீற்றோ சோளத்தட்டையோ கொண்டு கட்டிய தடுப்பு; மேலே வானம். இதுதான் மாவட்டத்தின் முதல் குளியலறை. கருங்கல் மலிவாகக் கிடைத்த ஊர்களில் கீற்றுக்குப் பதில் ஆளுயரக் கற்பலகைகளை நட்டார்கள். அவை கறையானுக்கும் மழைக்கும் அசையாதவை. பக்கத்தில் மூன்று கல் அடுப்பு; அதன்மேல் கரிபிடித்த வெந்நீர்த் தவலை. மார்கழி, தை மாதங்களில் இந்த மேட்டுநிலத்துக் குளிர் வெந்நீரைக் கட்டாயமாக்கும். கர்நாடக எல்லையை ஒட்டி வாழும் கன்னடம் பேசும் குடும்பங்களில் அண்டாவை அடுப்போடு சேர்த்துப் பதித்துவிடுவதும், குளிக்கும் இடத்தைக் கூரைக்குள்ளேயே வைப்பதும் வழக்கமாக இருந்தன. மழைக்காலத்தில் அது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உணர்ந்திருப்பார்கள்.

அந்தக் கல்லின்மீது நடந்தவை குளியல் மட்டும் அல்ல. பிறந்த குழந்தையைப் பாட்டி கால்களை நீட்டி அதன்மேல் கிடத்தி நீராட்டுவதும், துணி துவைப்பதும், பாத்திரம் துலக்குவதும் அங்கேதான். சனிக்கிழமை ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் எண்ணெய்க் குளியல். ஆமணக்கு மிகுதியாக விளைந்த சேலம், தருமபுரிச் சீமையில் விளக்கெண்ணெய்க்குக் குறைவில்லை. மலைக்காடுகளிலிருந்து சீயக்காய் சந்தைக்கு வந்தது. எண்ணெயும் சீயக்காய்த்தூளும் கலந்த அந்த நீர் சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கோ முருங்கைக்கோ கீரைப்பாத்திக்கோ போனது. வடிகால் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. வாழை நின்ற இடமே வடிகாலின் முடிவு. பின்னாளில் சிமெண்டுத் தரையும் குழாயும் வந்தபோது நீரின் அளவு பலமடங்கு பெருகியது. வாழையால் குடித்துத் தீர்க்க முடியவில்லை. தெருச் சாக்கடை என்ற சிக்கல் கிராமத்துக்கு வந்தது அப்போதுதான்.

கூரையில்லாத இந்த மறைப்பு அரசு ஆவணத்திலும் இடம்பிடித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டின் குளியல் வசதி பற்றிய கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன: குளியலறை உண்டு, கூரையில்லாத மறைப்பு உண்டு, எதுவும் இல்லை. இந்திய அளவில் 42 சதவீதக் குடும்பங்களிடம் குளியலறை இருந்தது, 16.4 சதவீதத்தினர் கூரையில்லா மறைப்பைப் பயன்படுத்தினர். மற்றவர்களுக்கு இரண்டும் இல்லை. கீற்றுத் தடுப்பு பழங்காலச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்கலாம்.

கழிப்பிடத்தின் கதை இதற்கு நேர்மாறானது. கிராமத்தில் அதற்கென்று இடமே கிடையாது. காடு, ஓடைக்கரை, ஏரியின் மறுகரை ஆகியவையே அந்த இடம். ஆண்கள் எந்நேரமும் போனார்கள். பெண்களுக்கு விடியுமுன் ஒரு நேரம், பொழுது சாய்ந்தபின் ஒரு நேரம். இடைப்பட்ட பகல் முழுதும் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர்கள் ஏராளம். கர்ப்பிணிகளும் முதியவர்களும் பட்ட பாடு எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. வீட்டுக்குள் கழிப்பிடம் வைப்பது தீட்டு என்ற எண்ணம் ஆண்களிடமும் பெண்களிடமும் ஒருபோலவே இருந்தது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள்.

நகரங்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. தமிழ்நாட்டின் பழைய கடைவீதிகளிலும் அக்ரகாரங்களிலும் நீண்ட வீட்டின் கடைக்கோடியில், சமையல்கட்டுக்கும் கிணற்றுக்கும் அப்பால், பின்சந்தைப் பார்த்தபடி அது கட்டப்பட்டது. உள்ளிருப்பவர் ஒரு வாசலால் வருவார். மலத்தை அள்ளுகிறவர் சந்தில் திறக்கும் சிறு திறப்பால் அள்ளிப்போவார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். வீட்டின் வரைபடத்திலேயே சாதி எழுதப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அள்ளும் வேலை குறிப்பிட்ட சில தலித் சாதியினர்மீதே, பெரும்பாலும் அவர்களின் பெண்கள்மீதே சுமத்தப்பட்டது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் மனிதரைக் கொண்டு மலம் அள்ளவைப்பதையும் தடைசெய்யும் மத்திய சட்டம் 1993-இல்தான் வந்தது. அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம் 2013-இல் வந்தது. பழைய வீடுகளைத் திருத்தும்போது சந்துப் பக்கச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த சதுரத் தடம் தென்பட்டால், அது பெரும்பாலும் இந்தத் திறப்பாகத்தான் இருக்கும்.

கழிப்பிடம் வீட்டுக்குள் வர முடிந்ததற்கு மனமாற்றத்தைவிடப் பெரிய காரணம் ஒரு வளைந்த குழாய். பீங்கான் பேசினுக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். குழியிலிருந்து நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் அந்த நீர் அடைத்துக்கொள்கிறது. இந்த நீரடைப்பு இல்லாதவரை கழிப்பிடத்தைச் சமையல்கட்டுக்குப் பத்தடி தூரத்தில் வைப்பது நடக்காத காரியம். பாரி நிறுவனம் 1952-இல் ராணிப்பேட்டையில் பீங்கான் கழிப்பறைப் பொருள்களைச் செய்யத் தொடங்கியபின், இவை வட தமிழகச் சந்தைகளுக்கு எளிதாகக் கிடைத்தன. ஆயினும் நகரத்துப் பேசின் தண்ணீரை அள்ளிக் குடிக்கும். பழைய சிஸ்டர்ன் ஒவ்வொரு முறையும் பத்து லிட்டருக்கு மேல் கொட்டியது. குடத்தில் நீர் சுமக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. பின்னர் வடிவமைக்கப்பட்ட கிராமப்புறப் பேசினில் சரிவைக் கூட்டி, நீரடைப்பை 20 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். தருமபுரி போன்ற வறண்ட மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு அந்தத் துறையில் வேறில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கியது என்னவோ நகரத்துப் பேசினைத்தான். பார்வைக்கு அதுதான் கௌரவம்.

நீரை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஆழ்துளைக் கிணறு. 1960-களின் நடுவில் வந்த வறட்சிக்குப் பிறகு கடினப்பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் நாட்டுக்குள் வந்தன. யுனிசெப் அதற்கு உதவியது. 1970-களில் இந்தியா மார்க் 2 கைப்பம்பு உருவானது. அதன்பின் திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் தெருத்தெருவாக நுழைந்தன. நீர் கிடைத்தது, அதோடு பாறையில் இருந்த ஃபுளோரைடும் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. அந்த அளவைத் தாண்டிய ஊர்கள் தருமபுரியில் பல. பிள்ளைகளின் பல் பழுப்பேறியது. பெரியவர்களுக்கு முதுகும் முழங்காலும் மடங்காமல் இறுகின. இந்த நோய்க்கும் குளியலறைக்கும் உள்ள தொடர்பு பின்னால் வரும்.

மின்மோட்டாரும் மேல்தொட்டியும் சேர்ந்தபோதுதான் குளியலறை உண்மையில் அறையாயிற்று. சின்டெக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை 1975-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் குளியலறைக்குள் ஒரு மூலையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, குடத்தால் நிரப்பிவைப்பார்கள்; பாதி இடம் அதற்கே போய்விடும். கூரைமேல் கறுப்புத் தொட்டி ஏறிய பிறகு உள்தொட்டி தேவையற்றதாகி, அந்த இடத்தில் பேசினை வைக்க வழி பிறந்தது. குளியலறையும் கழிப்பறையும் ஒன்றான கதையில் இந்தக் காலியான மூலைக்குப் பெரும் பங்கு உண்டு.

அரசின் முயற்சிகள் வேறொரு பாதையில் நடந்தன. மத்திய ஊரகச் சுகாதாரத் திட்டம் 1986-இல், முழுச் சுகாதார இயக்கம் 1999-இல், தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கின. தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. மோட்டார் பழுதானால் பூட்டிக் கிடந்தவையும் அவற்றில் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 48.3 சதவீதத்துக்கு மட்டுமே வீட்டு வளாகத்தில் கழிப்பறை இருந்தது, 45.7 சதவீதத்தினர் திறந்தவெளிக்குப் போயினர். நகரங்களை விலக்கிக் கிராமங்களை மட்டும் எடுத்தால் நிலை இன்னும் மோசம். தருமபுரியோ பெரும்பகுதி கிராமங்களால் ஆன மாவட்டம். அதே 2011-இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் பசுமை வீடு திட்டம், 300 சதுர அடி வீட்டின் வரைபடத்திலேயே கழிப்பறையைச் சேர்த்தது. மானியமாகத் தனிக் கழிப்பறை கொடுப்பதைவிட இது நல்ல வழி. தூய்மை இந்தியாவின் 12,000 ரூபாயில் வீட்டுக்கு எதிரே தனியாக நின்ற சிறு அறைகளில் பல, விறகும் மாட்டுத்தீவனமும் அடுக்கும் இடமாயின. குளிக்க முடியாத அளவுக்குச் சிறிய, குழாய் இல்லாத ஓர் அறைக்குக் குடும்பம் வேறு பயன் கண்டுபிடிப்பது இயல்புதான். குளியலும் கழிப்பும் சேர்ந்த அறையைக் கட்டிக்கொண்டவர்கள் அதைத் தினமும் பயன்படுத்தினார்கள். குளிக்கப் போகிறவர் எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும்.

குழி தோண்டுவதும் இங்கே லேசான வேலை அல்ல. அரசு பரிந்துரைத்த இரட்டைக்குழி முறையில், மூன்றடி விட்டமுள்ள இரண்டு குழிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் தோண்டி, ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். மூடிவைத்த குழி ஓரிரு ஆண்டில் எருவாகிவிடும். மனிதர் இறங்கி அள்ளத் தேவையில்லை. சிறந்த முறைதான். ஆனால் மூன்றடியில் பாறை தட்டும் ஊரில் இரண்டு குழிகளுக்குக் கம்ப்ரஸர் வாடகை கொடுப்பதைவிட, ஒரே செப்டிக் டேங்கைத் தரைக்குமேல் பாதி தெரியக் கட்டிவிடுவது சிக்கனம் என்று பலர் முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் திண்ணைபோல் நீண்டு நிற்கும் சிமெண்டு மேடைகள் பல அப்படி வந்தவை.

தருமபுரி நகரம் பஞ்சப்பள்ளி சின்னாறு அணையின் நீரை நம்பியிருந்தது. மாவட்டம் முழுதுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பானிய பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறிய இத்திட்டத்தை 2013 மே மாதம் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் உரிய திட்டம் இது. இதன் பின் வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்கத் தொடங்கியது: குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், குளிக்கவும் கழுவவும் போர் தண்ணீர். இந்தப் பிரிவு குளியலறையின் அமைப்பிலும் தெரியும். உப்பு நீர் ஷவர் துளைகளை ஓரிரு ஆண்டில் அடைத்துவிடும். கீசர் கம்பியில் சுண்ணாம்பு படியும். அடர்நிற டைல்ஸில் வெள்ளைத் திட்டு விழும். ஷவர் வைத்துவிட்டு வாளியில் குளிக்கும் வீடுகள் அதிகமாக இருப்பதற்குப் பழக்கம் மட்டுமே காரணம் அல்ல.

புதிய பாணிகள் பெங்களூரிலிருந்து வந்தன. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டங்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிறவர்கள் பல்லாயிரம். அடுக்குமாடிகளில் டைல்ஸ் பதித்து, குழாய் பொருத்திக் கற்றுக்கொண்டவர்கள் ஊருக்கு வந்து தம் வீட்டையும் உறவினர் வீட்டையும் கட்டியபோது, படுக்கையறையோடு ஒட்டிய ‘அட்டாச்டு’ குளியலறை கிராமத்துக்கு வந்தது. சுவரில் ஏழடி உயர டைல்ஸ், தாழ்த்திய தளத்துக்குள் மறையும் குழாய்கள், கண்ணாடிக்குக் கீழே வாஷ்பேசின் எல்லாம் விளம்பரம் மூலம் வந்ததைவிட இந்தக் கைகள் வழியாக வந்ததே அதிகம்.

பழைய வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு மட்டும் இது அப்படியே பொருந்துவதில்லை. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சுவருக்கு ஓதம் ஆகாது. அதை ஒட்டிக் குளியலறை வைத்தால் சுவர் ஊறிப் பொரிந்துவிடும். அதனால் பெரும்பாலானோர் பின்பக்கம் செங்கல், சிமெண்டில் தனியாக ஒட்டுக்கட்டு எழுப்பி, பழைய சுவரில் ஒரு கதவு மட்டும் போடுகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள முக்கோண இடத்தில் கழிப்பறையைச் செருகுவது இன்னொரு வழி. தலை இடிக்கும் என்றாலும் விருந்தாளிக்குப் போதும். தேசியக் கட்டட நெறிமுறைப்படி குளியலறைக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டர், கழிப்பறைக்கு 1.1, இரண்டும் சேர்ந்தால் 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி வேண்டும். ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் அதிகம் மீறுகிறார்கள்.

வாஸ்து பார்ப்போர் வடகிழக்கைக் கிணற்றுக்கும் பூசைக்கும் விட்டு, கழிப்பறையையும் செப்டிக் டேங்கையும் வடமேற்குக்குத் தள்ளுவார்கள். கொத்தனார் பார்ப்பது வாட்டத்தை: தரை அடிக்குக் கால் அங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும், நான்கு அங்குலக் குழாய் முடிந்தவரை நேராகவும் குட்டையாகவும் ஓட வேண்டும். இரண்டும் மோதும்போது வாஸ்து வென்ற வீடுகளில் அடைப்பு எடுக்கும் வேலை தொடரும். மூன்றாவதாகப் பலர் மறந்துவிடுவது லாரியை. செப்டிக் டேங்க் உறிஞ்சும் வண்டி தெருவில் நின்றபடி குழாய் நீட்டினால் எட்ட வேண்டும். கொல்லைக் கோடியில் தொட்டி இருந்தால் எட்டாது. எட்டாத தொட்டிக்குள் ஆள் இறங்குவதும் விஷவாயுவில் சாவதும் நாடெங்கும் நடந்திருக்கின்றன. 2014-இல் உச்சநீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. 2023-இல் அது முப்பது லட்சமானது.

உட்காரும் முறையில் தருமபுரிக்குத் தனிக் காரணம் உண்டு. வெஸ்டர்ன் டாய்லெட்டைப் பணக்காரர் பகட்டு என்று பழித்த காலம் இருந்தது. ஆனால் ஃபுளோரைடால் முழங்கால் இறுகியவர்களால் குந்தி உட்கார முடியாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலும் சுவரைத் தேடும் கை வழுக்கும். இத்தகைய முதியவர் உள்ள வீடுகளில் கழிப்பறையைத் திருத்துவது அழகுக்காக அல்ல. இந்தியன் பேசினுக்குப் பதில் உயர்ந்த இருக்கை, பக்கச் சுவரில் இரும்புப் பிடி, சொரசொரப்பான தரை, வாசலில் படியில்லாத நுழைவு, விழுந்தால் உதவிக்கு ஆள் நுழையும்படி வெளியே திறக்கும் கதவு ஆகியவை தேவைப்படுகின்றன. இரண்டு கழிப்பறை கட்ட இடமும் பணமும் உள்ளவர்கள் உள்ளே ஒரு வெஸ்டர்னும் வெளியே ஓர் இந்தியனும் வைக்கிறார்கள். தோட்ட வேலை முடித்துச் சேற்றுக்காலோடு வருகிறவர்கள் வெளியே உள்ளதையே பயன்படுத்துகிறார்கள். ஒன்றே கட்ட முடிந்தவர்களில் பலர் இப்போது வெஸ்டர்னைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குள் வைக்கிறார்கள்.